ரோசாவின் சப்பாத்துத் தடங்கள்

என் தம்பி குகதாசனின் மனைவி ரோசில்டா மேல்மாடியில் இரண்டு போர்வைக்குள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மார்கழிக் காலையில், அவளுடைய சப்பாத்துத் தடங்கள் மட்டும் தனியே எழும்பி, எங்கள் வாசற்படி இறங்கி, தபால்பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, புதுப்பனியில் இந்தப் பக்கம் இரண்டு அடி அந்தப் பக்கம் இரண்டு அடி என்று ஆடி ஆடி, பஸ் தரிப்பிடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தன. முதலில் கண்டது நான்தான். கீழ்த்தளத்தில் குடியிருப்பவள் நான், வாசல் பனி தள்ளுகிற வேலையும் என்னுடையது, மிதிபட்ட பனி இறுகிவிட்டால் தள்ளுவது கஷ்டம் என்பதால் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். சப்பாத்துத் தட்டைப் போய்ப் பார்த்தேன். அவளுடைய முப்பத்தாறாம் இலக்கச் சப்பாத்து, அடியில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டு உள்ளது, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்துபோய் இருந்தது. பத்து மணிக்கு எழும்பி வந்தவள் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சாள், இஞ்ச பாருங்கோ, என்ர கால் எனக்கு முதல் எழும்பிப் போயிட்டுது" என்று கைதட்டிச் சிரித்தாள்.

நாங்கள் இருப்பது நோர்வேயின் வடக்கே ஸ்கார்வோய் என்ற தீவு. முந்நூற்று நாற்பது பேர், ஒரு மீன் ஆலை, ஒரு கடை, ஒரு தேவாலயம், அதற்குள் பதினொரு தமிழ்க் குடும்பம். கார்த்திகைக் கடைசியில் போகிற சூரியன் தை நடுப்பகுதி தாண்டித்தான் மலைக்கு மேலே தலை காட்டும். ஆலையில் நாங்கள் கொட் மீனைப் பிளந்து, முள் எடுத்து, உப்பில் அடுக்கி, காய வைத்துப் பெட்டி கட்டுகிறோம், கருவாடு என்றுதான் எங்களுக்குள் சொல்வது, அந்தக் கருவாடு முழுக்க முழுக்கப் பிரேசிலுக்குப் போகிறது. அதை வாங்குகிற ஆட்கள் ஒரு முறை, மீனைத் தட்டிப் பார்த்து மணந்து பார்த்துத் தரம் சொல்வதற்கு ஒரு பெண்ணை ஒரு கிழமைக்கு அனுப்பினார்கள். அவள்தான் ரோசில்டா. மீன் பார்க்க வந்தவள் மாப்பிள்ளை பார்த்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. உண்மை என்னவென்றால் அவள் பார்த்தது பனியை, பெட்டி தூக்கும் வண்டி ஓட்டிய என் தம்பி பனியோடு சேர்ந்து வந்த இனாம்.

அவள் பிறந்தது பிரேசிலின் வடகிழக்கில், ஆடு குடிக்கிற தண்ணீரையும் தேடிப் போகவேண்டிய காய்ந்த பூமியில். அங்கே குளிர் என்று ஒன்று ஜூன் மாதத்தில்தான் வருமாம், அதுவும் நாங்கள் இங்கே சட்டையைக் கழற்றுகிற அளவுக் குளிர். அந்த ஜூனில்தான் அவர்களுடைய அருளப்பர், அதாவது புனித யோவான், திருவிழா. வீட்டுக்கு வீடு வாசலில் தீ மூட்டி, சோளம் சுட்டு, மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் போட்ட கேக் அவித்து, கறுவா கராம்பு போட்ட பானம் ஒன்றைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்து, அக்கோடியன் வாத்தியத்துக்குச் சோடி சோடியாக ஒரு மாதம் ஆடுவார்கள். அதனால் அவளுடைய உடம்புக்குக் குளிர் என்றால் ஜூன், ஜூன் என்றால் திருவிழா. இங்கே வந்ததும் என்ன ஆனது என்றால், வருஷத்தில் எட்டு மாதம் ஜூன் வந்தது, ஒரு நாள்கூடத் திருவிழா வரவில்லை.

ஆனாலும் அவள் குளிரில் குளித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். நாங்கள் இருபது வருஷமாக வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்கள், அவளோ பனியில் மல்லாக்கக் கிடந்தாள், கோப்பையில் புதுப்பனி அள்ளி டின்பால் ஊற்றித் தின்றாள், தாடியில் பனி ஒட்டியவர்களைக் கண்டால் நின்று தட்டிவிட்டாள். எங்கள் மீன் வெட்டும் மேசையில் நின்று மூன்று வருஷத்தில் யாழ்ப்பாணத் தமிழ் பழகி, எங்களை விடச் சத்தமாகக் கதைத்தாள். அவள் வருவதற்கு முதல் என் தம்பி அடுப்படியில் நின்றபடி சட்டியிலேயே நூடில்ஸ் தின்கிற மனிதன், நான் வேலை முடிந்து வந்து மேலங்கி கழற்றாமலே கதிரையில் தூங்குகிற மனுஷி. அவள் வந்த பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டோம். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அவள் வேண்டும். அவள் போனால் நாங்கள் இரண்டு பேரும் மறுபடியும் பழையபடி ஆகிவிடுவோம் என்ற பயம் அந்தத் தடங்களைக் கண்ட அன்றே என்னோடு வந்து குந்திவிட்டது.

ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தபால்காரி அந்தத் தடங்களில் கால் வைத்து நடந்தால் சறுக்காது என்று கண்டுபிடித்து, கடிதப் பையோடு இரண்டடி இந்தப் பக்கம் இரண்டடி அந்தப் பக்கம் என்று ஆடிக்கொண்டே வீடு வீடாகப் போனாள். பாலர் பாடசாலைப் பிள்ளைகளை ஆசிரியை வரிசையாகக் கூட்டிவந்து அதில் நடக்கப் பழக்கினாள். பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஒட்வார் மட்டும் ஒரு நாள் வண்டியை நிறுத்தி, "உங்கள் வீட்டுப் பெண்ணை நேராக நடக்கச் சொல்லுங்கள், அந்த ஆட்டத்தை அழிக்க மனம் வராமல் நானும் வளைந்து வளைந்து ஓட்டுகிறேன், எனக்கு இடுப்பு வலிக்கிறது" என்று முறையிட்டான். எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் சபாநாதன் அண்ணை அவசரக் கூட்டம் கூட்டினார். ஆள் வராமல் தடம் மட்டும் மண்டபத்துக்கு வந்தால் வரவு போடுவதா விடுவதா என்று ஒன்றரை மணித்தியாலம் விவாதம் நடந்து, "யாப்பில இதைப் பற்றி ஒண்டும் இல்லை, அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும் பொறுத்திருப்பம்" என்று தேநீரோடு முடிந்தது.

நத்தார் பண்டிகை முடிந்து வந்த கிழமை தடங்கள் பஸ் தரிப்பிடத்தைத் தாண்டி, ஆலையைத் தாண்டி, இறங்குதுறையின் விளிம்பு வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டன. ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் அதைக் கண்டு பதறி மீட்புப் படகுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். நாலு படகு, இரண்டு நாய், வெளிச்சம் பிடித்துக்கொண்டு இருபது பேர். ரோசில்டா கோப்பியும் பிஸ்கட்டும் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டு, உன்னைத்தான் என்று அவர்கள் சொன்ன பிறகும், நடுவில் விட்டுப் போவது மரியாதையில்லை என்று அரைமணி நேரம் அவர்களோடு சேர்ந்து தன்னைத் தேடினாள். பொலிஸ்காரர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இனிமேல் தடம் கடல் பக்கம் போவதாக இருந்தால் முன்கூட்டி அறிவிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அன்றைக்குத் திரும்பி வரும்போது நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன், அவள் நடந்த பனியில் ஒரு தடமும் விழவில்லை. நாங்கள் நடந்தால் பனி நறுக்கு நறுக்கென்று சத்தம் போடும், அவள் காலுக்குக் கீழே மௌனம். தடங்கள் போய்விட்டதால் உடம்பில் தடம் மிச்சம் இல்லை, அவ்வளவுதான், கூட்டிக் கழிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இரண்டாம் நாள் கடைவாசலில் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. யாராவது வரும்வரை கூடையோடு நின்று, அவர்களுக்குத் திறந்த கதவால் அவர்களோடு சேர்ந்து உள்ளே போனாள். "கதவுக்குக் கண் சரியில்லை, மச்சாள்" என்றாள்.

தம்பி வாய் திறந்து ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை. படுக்கும்போது அவளுடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறான் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஒரு நாள் அவன் அவளுடைய சப்பாத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலை தடங்கள் வெறுங்காலோடு போயிருந்தன, ஐந்து விரலும் வடிவாகப் பதிந்திருந்தன, வெளியே மைனஸ் பதினாலு. தம்பி வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே வந்து அலுமாரியைத் திறந்து சப்பாத்தை எடுத்து வாசலுக்கு வெளியே, போகிற திசை பார்த்து வைத்தான். "குளிருமெல்லே, அக்கா" என்றான்.

இதற்கிடையில் ஆலையில் பெட்டி அடுக்குகிற வேலை மும்முரமாகிவிட்டது. பிரேசில்காரர் உயிர்த்த ஞாயிறுக்குத் தின்கிற கருவாட்டை ஏற்றிப் போகிற கப்பல் தை மாதக் கடைசிச் சனிக்கிழமை வருவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து தடங்கள் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு, நேரே கப்பலின் ஏறுபலகை இறக்குகிற இடத்துக்குப் போய் நின்றன. தினமும் அந்த ஓரிடத்தில், மூன்று முழ வட்டத்துக்கு, பனி மிதித்து மிதித்துக் கல்லாகியிருக்கும். வரவேண்டியதைக் காத்து நிற்கிறவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்பார்களே, அப்படி மிதித்த மிதி. தடம் கப்பலில் ஏறிவிட்டால் ஆளும் இருக்கமாட்டாள் என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் ரோசில்டா வந்தால் மீன் வெட்டும் மேசையில் எல்லாரும் கதையை மாற்றினோம். கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அப்போதுதான் நான் சபாநாதன் அண்ணையிடம் போனேன். "அண்ணை, அவளுக்கு ஊர்த் திருவிழா நினைப்பு. நாங்கள் ஒண்டு செய்து குடுத்தால் தடம் திரும்பி வரும்" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மனிதர் நல்லவர். "தங்கச்சி, இதை நீர் நேரத்தோட சொல்லியிருக்கவேணும். ஒரு குறையும் வைக்கமாட்டன், பாரும்" என்றார்.

ஒரு குறையும் வைக்கவில்லைத்தான். மண்டபத்தில் நூறு கதிரை வரிசை வரிசையாகப் போட்டு, முன்வரிசை நடுவில் சோபா வைத்து, அதில் ரோசில்டாவைப் பிரதம விருந்தினராக இருத்தி, சந்தனம் குங்குமம் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, மங்கல விளக்கு ஏற்றி, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பிரேசில் நாட்டின் வளங்கள் என்ற தலைப்பில் ஒரு நாற்பது நிமிட உரை, பிள்ளைகளின் பரதம், மிருதங்கம், கடைசியில் ரோல்ஸும் வடையும் பிரைட் றைஸும். நடுவில் அவளுடைய நாட்டுப் பாட்டு ஒன்று வேண்டுமே என்று ஒலிபெருக்கியில் அக்கோடியன் இசை போட்டார்கள். அதைக் கேட்டதும் அவளுடைய முழங்கால் இரண்டும் தாமாக ஆடத் தொடங்கின. சபாநாதன் அண்ணை அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்து ஓடிப்போய் இரண்டாவது பொன்னாடை கொண்டுவந்து முழங்காலை இறுக்கி மூடிவிட்டார். அவள் கைகூப்பிக்கொண்டு நன்றியுரை முடியும்வரை அசையாமல் இருந்தாள். நாங்கள் ஆளைக் கட்டி வைத்துவிட்டுத் திருவிழா கொண்டாடினோம் என்று எனக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. மறுநாள் காலை தடங்கள் ஆடவில்லை. வாசலிலிருந்து இறங்குதுறைக்கு அளந்து போட்ட கோடு மாதிரி நேராக, அவசரமாகப் போயிருந்தன.

கப்பலுக்கு நாலு நாள் இருக்கையில் நான் மேலே ஏறிப் போனேன். அவள் அடுப்படிக் கதிரையில் இருந்தாள், அந்தக் கதிரை யார் இருந்தாலும் முனகும், அவளுக்கு முனகவில்லை. "ரோசா, உண்மையைச் சொல்லு. உனக்கு என்னதான் வேணும்? நான் செய்து தாறன்" என்றேன்.

"ஒண்டும் பெரிசா இல்லை, மச்சாள். எனக்கு இந்தப் பனி விருப்பம், இவர் விருப்பம், நீங்கள் விருப்பம். ஆனா குளிர் மூக்கில அடிக்கேக்க வாய் அந்த ரெண்டையும் கேக்குது. மரவள்ளிக் கேக். அதோட இஞ்சித் தண்ணி. மரவள்ளி கடையில உங்களுக்கெண்டு எடுத்து வைக்கிற தட்டில இருக்கு, தேங்காய்ப்பூ இருக்கு, கராம்பு இருக்கு. இஞ்சி மட்டும் இல்லை."

"இஞ்சி கடையில குவிஞ்சு கிடக்குதே."

"வாங்குறன், மச்சாள். வாங்கி வைச்சால் விடியக் காணேல்லை. மூண்டு வருசமா இப்பிடித்தான். மற்ற நாளில இருக்கும், மரவள்ளி வாங்குற நாளில மட்டும் போயிடும். இந்தத் தீவுக்கு அது பிடிக்கேல்லையாக்கும் எண்டு விட்டிட்டன். ஒரு தீவோட ஆர் சண்டை பிடிக்கிறது?"

தீவு ஒரு பாவமும் அறியாது. எடுத்தவள் நான். மரவள்ளிக்கிழங்கும் இஞ்சியும் ஒரு வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த நாளிலிருந்து சொல்லி வளர்க்கிற விஷயம். மரவள்ளி அவிக்கிற நாளில் இஞ்சிப் போத்தலை அடுத்த அறையில் வைத்துப் பூட்டுகிற வீடு எங்கள் வீடு. அவளுடைய அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கும் இஞ்சியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததை முதல் வருஷம் கண்டபோது எனக்கு ஈரல்குலை நடுங்கியது. சொன்னால் சிரிப்பாள், சிரித்துவிட்டுச் சமைப்பாள், சாப்பிட்டுச் சாவாள், என் தம்பியையும் சாகக் கொடுப்பாள். அதனால் சொல்லாமல் எடுத்தேன். அவள் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் எடுத்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். எறிந்தால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று என் ஃபிரீசரின் கீழ்த்தட்டில் போட்டு வைத்தேன்.

நான் கீழே போய் அந்தத் தட்டை அப்படியே இழுத்தெடுத்துக்கொண்டு படியேறி அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். பனிபூத்த இஞ்சி, கைகால் முளைத்த மாதிரி, தட்டு நிறைய. ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப நீங்கள் என்னைக் காப்பாத்தினீங்களோ?" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு துண்டைக் கையில் எடுத்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மூண்டு வருசம், மச்சாள்" என்றாள். நான் தட்டை இன்னும் அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"எங்கட ஊரில ரெண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுறது. ஒருத்தரும் சாகிறேல்லை. ஆடிக் களைச்சுத்தான் விழுவினம்" என்றாள் கடைசியில். பிறகு, என்னைத் தேற்ற நினைத்தோ என்னவோ, அந்த ஆட்டத்தின் விதிகளைச் சொல்லித் தந்தாள். சோடி சோடியாகக் கைகோத்து வரிசையில் முன்னுக்குப் போகவேண்டும். ஒருவர் நடுவில் நின்று கத்துவார். "மழை வருது!" என்றால் எல்லாரும் திரும்பி வந்த பக்கமே ஓடவேண்டும். "பொய்!" என்றால் மறுபடி முன்னுக்கு. "பாம்பு!" என்றால் பெண்கள் எல்லாம் கீச்சிட்டுத் துள்ளவேண்டும், "பொய்!" என்றால் பழையபடி. "பாலம் உடைஞ்சு போச்சு!" என்றால் போனவர்கள் போன இடத்திலேயே திரும்பிவிடவேண்டும்.

"பொய் எண்டு சொல்லாட்டி?" என்று கேட்டேன்.

"சொல்லாட்டி அங்கால போகேலாது, திரும்பின பக்கமே நிக்கவேணும். ஆனா கட்டாயம் சொல்லுவினம், மச்சாள். சொல்லாமல் விட்டவன் எண்டு எங்கட ஊரில ஒருத்தரும் இல்லை."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, வானம் நீலமாக வெளிறிய நேரத்தில், இறங்குதுறைக்குப் பக்கத்து வெளியில் உடைந்த மரத்தட்டுகளைக் குவித்துத் தீ மூட்டினோம். கதிரை ஒன்றும் போடவில்லை. சபாநாதன் அண்ணை பழக்கதோஷத்தில் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் அதை வாங்கித் தீயில் போட்டேன். கப்பல் விடியவே வந்து கட்டியிருந்தது, பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன, ஏறுபலகை பனி மூடிக் கிடந்தது. பெரிய அண்டாவில் சீனி காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, கறுவா கராம்போடு வைன் ஊற்றிக் கொதிக்க வைத்து, பக்கத்தில் ஆறு தட்டு மரவள்ளிக் கேக் அடுக்கி வைத்தாள் ரோசில்டா. அண்டாவைக் கிளறிய அகப்பை அவள் கையில் பாரமாக இருந்ததை, இரண்டு கையாலும் பிடித்ததை நான் பார்த்தேன்.

ஒட்வார் வந்தான், மூன்று துண்டு தின்று இரண்டு கோப்பை குடித்தான். நோர்வேக்காரர் எல்லாரும் குடித்தார்கள். பதினொரு தமிழ்க் குடும்பமும் அண்டாவுக்கு ஒரு பக்கம் கேக்குக்கு ஒரு பக்கம் என்று விலகி நின்றது. இஞ்சி குடித்தவர்கள் கேக்கைத் தொடவில்லை, கேக் எடுத்தவர்கள் கோப்பையைப் பார்க்கவில்லை, பிள்ளைகளின் கையைத் தாய்மார் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ரோசில்டா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை, வேறொருவர் வீட்டு ஜன்னலால் உள்ளே பார்க்கிறவளின் முகம் அது.

நான் ஒரு கையில் கோப்பையும் மறுகையில் கேக்கும் எடுத்தேன். "தவமக்கா, விசரோ உங்களுக்கு!" என்று யாரோ கத்தினார்கள். அம்மா, மன்னிச்சுக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, ஒரு கடி, ஒரு மிடறு, மறுபடி ஒரு கடி என்று இரண்டையும் முடித்தேன். தேங்காய்ப்பூவின் இனிப்பும் இஞ்சியின் எரிவும் சேர்ந்து தொண்டையால் இறங்கியபோது கண்ணில் நீர் வந்தது, அதை நஞ்சு என்று நினைத்துக் குகதாசன் ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். எல்லாரும் நான் விழுவதற்காகக் காத்திருந்தார்கள், நானும் காத்திருந்தேன். விழவில்லை. பிறகு தம்பி தின்றான், பிறகு சபாநாதன் அண்ணை "சங்கத்தின் சார்பில்" என்று சொல்லிவிட்டுத் தின்றார், அதன் பிறகு தட்டுகள் வெறுமையாக எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது.

நோர்வேக்காரன் ஒருவன் அக்கோடியன் எடுத்தான். அறுபது பேர் சோடி சோடியாகக் கைகோத்து நின்றோம், ஒட்வார் என் கையைப் பிடித்தான். ரோசில்டா தீக்குப் பக்கத்தில் நின்று கத்தத் தொடங்கினாள். "மழை வருது!" திரும்பி ஓடினோம். "பொய்!" முன்னுக்கு வந்தோம். "பாம்பு!" என்றதும் சபாநாதன் அண்ணைதான் பெரிதாகக் கீச்சிட்டார். "பொய்!" என்ற அவளுடைய குரல் அந்த முறை மெலிந்து கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அதுவரைக்கும் தடங்களை விழுந்த பிறகுதான் கண்டிருக்கிறோம், அன்றைக்கு முதல் தடவையாக அவை விழுவதைக் கண்ணால் கண்டேன். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று, ஆளில்லாத ஆட்டமாக, தீயைச் சுற்றி வந்து, எங்கள் வரிசையை உரசிக்கொண்டு, மற்றெல்லாரையும் போல முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தன. முன்னுக்குப் போனால் அங்கே ஏறுபலகை. முதலாம் படியில் நட்சத்திரம் விழுந்தது. இரண்டாம் படியில் விழுந்தது. ரோசில்டாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, தீயின் வெளிச்சம் அவளை ஊடறுத்துப் பின்னாலிருந்த பெட்டிகளில் விழுந்தது. தம்பி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் விரல்கள் அவளுடைய கைக்குள்ளாலேயே போய் ஒன்றோடொன்று முட்டின. நான்காம் படியில் தடம் விழுந்தது. கப்பல்காரன் மேலே கயிறு அவிழ்த்தான்.

"பாலம் உடைஞ்சு போச்சு!" என்று கத்தினேன். என் ஆயுளில் அப்படிக் கத்தியதில்லை. மீன் வெட்டும் மேசையின் இரைச்சலுக்கு மேலால் இருபத்திரண்டு வருஷம் கத்திப் பழகிய தொண்டைச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது.

அறுபது பேரும் சட்டென்று திரும்பினார்கள். நான்காம் படியில் நின்ற தடங்களும் திரும்பின. இறங்கின, மூன்று, இரண்டு, ஒன்று, பனியில் குதித்தன, இரண்டடி இந்தப் பக்கம் இரண்டடி அந்தப் பக்கம் என்று ஆடிக்கொண்டே எங்கள் வரிசையைத் தாண்டி வந்து ரோசில்டாவின் சப்பாத்துக்குக் கீழே வந்து நின்றன. அவளுடைய காலடியில் பனி நறுக்கென்று ஒரு சத்தம் போட்டது. "ஐயோ, குளிருது" என்றாள் அவள், முழுக் குரலில்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விதி எல்லாருக்கும் தெரியும், நான் அடுத்த சொல்லைச் சொன்னால்தான் ஆட்டம் முன்னுக்குப் போகும். அக்கோடியன்காரன் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அறுபது பேரும் திரும்பிய பக்கமே நின்றபடி கழுத்தைத் திருப்பி என் வாயைப் பார்த்தார்கள். ரோசில்டாவும் பார்த்தாள். "மச்சாள்?" என்றாள். நான் மேலங்கிப் பைக்குள் வைத்திருந்த ஒரு கேக் துண்டை எடுத்து வாய் நிறையப் போட்டுக்கொண்டேன். கப்பல் ஊதியது, ஏறுபலகையை இழுத்தார்கள், பெட்டிகளோடு மெல்ல விலகிப் போனது. வெகுநேரம் கழித்து ஒவ்வொரு சோடியாகக் கையை விட்டுவிட்டு அண்டாப் பக்கம் போனார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. ரோசில்டா இருக்கிறாள், கடைக் கதவு அவளுக்குத் திறக்கிறது, அவள் நடந்தால் நான் கீழே இருந்தபடியே தடத்தின் சத்தத்தில் எங்கே நிற்கிறாள் என்று சொல்லுவேன். தை மாதத்தில் தீ மூட்டுகிறோம், மரவள்ளியும் இஞ்சியும் சேர்த்துச் சாப்பிடுகிறோம், அவளே கத்துகிறாள், மழை பொய்யாகிறது, பாம்பு பொய்யாகிறது, பாலத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. இஞ்சியை எடுத்துக் கொடுத்த நான் 'பொய்' என்ற இந்த ஒரு சொல்லை எடுத்து வைத்திருக்கிறேன், அது பிழை என்று எனக்குத் தெரியும், கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் அது என் வாய்க்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை. அவளுடைய தொண்டை என்னுடையதை விடப் பெரியது. கப்பல் வருகிற நாட்களில் அவள் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஆலை வாசலில் போய் நின்று கடலைப் பார்ப்பாள். வாயைத் திறப்பாள். நான் வெட்டுவதை நிறுத்திவிடுவேன். "இண்டைக்கு நல்ல பனி, மச்சாள்" என்பாள். அந்தச் சொல்லை அவளும் இன்னும் சொல்லவில்லை.